ஈ உட்காராத கருவாடு

நம்பிக்கையின் விலை கிலோவுக்கு நாற்பது ரூபாய். மரக்காணம் மார்க்கெட் வாசலில் இருக்கும் தேசப்பனின் கருவாட்டுக் கடையில் அதை ரொக்கமாகவும் கொடுக்கலாம், போனிலும் அனுப்பலாம். கடன் மட்டும் கிடையாது.

பக்கத்துக் கடையில் நெத்திலிக் கருவாடு என்ன விலையோ, அதற்கு மேல் நாற்பது வைத்துத்தான் தேசப்பன் விற்றான். ஏன் என்று கேட்டால் விளக்கம் சொல்ல மாட்டான். விரலை நீட்டிப் பக்கத்துக் கூடையைக் காட்டுவான். அங்கே ஈக்கள் கல்யாணப் பந்திக்கு வந்த சம்பந்தி வீட்டார்போல உட்கார்ந்து, எழுந்து, இடம் மாறி மறுபடி உட்கார்ந்துகொண்டிருக்கும். பிறகு தன் கூடையைக் காட்டுவான். அதில் பெயருக்குக்கூட ஒரு ஈ இருக்காது.

"நான் இன்னாத்த சொல்றது? பாத்து எட்த்துக்கம்மா" என்பான்.

அதற்கு மேல் பேரம் பேச யாருக்கும் வாய் வராது. பெருமுக்கல்லில் டீக்கடை வைத்திருக்கும் கொளஞ்சி அவ்வளவு தூரத்திலிருந்து பைக்கில் வந்து வாங்கிப் போவான். குயிலாப்பாளையத்தில் வெள்ளைக்காரர்களுக்குச் சமைத்துப் போடும் கெஸ்ட் ஹவுஸ்காரர் ஒருவர், "கெமிக்கல் எதுவும் இல்லியே?" என்று மாதம் தவறாமல் கேட்பார். "கடலு, வெயிலு, நம்ம ஊரு உப்பு. வேற இன்னாங்க இருக்குது இதுல?" என்று தேசப்பனும் மாதம் தவறாமல் சொல்லுவான். அவர் கூடுதலாக ஒரு கிலோ வாங்குவார்.

வேறு ஒன்று இருந்தது. போன வருஷம் ஐப்பசியில் மழை விடாமல் பிடித்துக்கொண்டபோது காயப்போட்ட மீன் காயவில்லை. ஈ முட்டையிட்டது, புழு நெளிந்தது, கூடை கூடையாக மணலில் புதைத்தான். அப்போது சந்தையில் ஒருவன் காதில் ஓதினான்: கத்தரிச் செடிக்கு அடிக்கிற மருந்தை உப்புத்தண்ணித் தொட்டியில் கொஞ்சம் கலந்து, மீனை முக்கி எடு. "எல்லாரும் போடுறதுதான்" என்றும் சொன்னான். அந்த ஒரு வார்த்தை போதாதா?

பூச்சிமருந்துக் கடைக்காரன் கொடுத்த டப்பாவில், கொடிய விஷம் என்பதற்கான சிவப்பு முக்கோணம் போட்டிருந்தது. சிவப்பு முக்கோணத்தை யாராவது பார்த்தால் வம்பு என்று, கூல்டிரிங்ஸ் பாட்டிலில் ஊற்றிக்கொண்டு டப்பாவை முள்காட்டுக்குள் எறிந்துவிட்டான். நம் பேச்சில் இதற்கு ஒரு வசதி இருக்கிறது. தலைவலிக்குக் குடிப்பதும் மருந்து. தலையே வேண்டாம் என்று குடிப்பதும் மருந்து. கருவாட்டுக்கு மருந்து போட்டேன் என்று மனசுக்குள் சொல்லிப் பார்த்தால், ஏதோ கருவாட்டுக்கு உடம்பு சரியில்லாமல் கிடந்து தேறிவிட்டதுபோல இருந்தது அவனுக்கு.

மீனை முக்கி எடுக்கிற வேலை அவன் பெண்டாட்டி வைஜெயந்தியுடையது. வீட்டுக்குப் பின்னால், கடலைப் பார்த்த சிமென்ட் ஷீட் கொட்டகையில் தொட்டி இருந்தது. கல்யாணத்துக்கு முன்னால் அவள் உப்பளத்தில் கூலிக்குப் போனவள். அளத்துப் பெண்கள் உப்பில் கை வைக்கும் முன் தேங்காய் எண்ணெயை முழங்கை வரை தடவிக்கொள்வார்கள். தடவினால் வெடித்த தோலில் உப்பு ஏறாது. அந்தப் பழக்கம் அவளை விடவில்லை. தொட்டியருகே அகலவாய் எவர்சில்வர் டப்பாவில் எண்ணெய் வைத்திருப்பாள். ஒரு கூடை முக்குவாள்; ஈரக்கையை உதறிவிட்டு டப்பாவுக்குள் விட்டு எண்ணெய் எடுத்துத் தடவுவாள்; அடுத்த கூடை. உப்புக்குக் கேட்ட எண்ணெய் மருந்துக்கும் கேட்கும் என்பது அவள் நம்பிக்கை. தேசப்பனும் அப்படித்தான் நம்பினான். நம்புவதற்குச் செலவு கிடையாதே.

வீட்டுக் குழம்புக்கான மீனை மட்டும் அந்தத் தொட்டியில் முக்குவதில்லை. அதற்குத் தனிச் சட்டி. அதன் மேல் ஈ உட்காரும்.

அன்று காலை இருவருக்கும் சண்டை. குப்பத்தில் சண்டை என்றால் பத்து வீட்டுக்குக் கேட்கும்.

"கண்ணு மங்கலா தெரியுதுய்யா. தல கிறுகிறுன்னு சுத்துது. ஒரு ரப்பர் கையொறயாவது வாங்கியாந்து குடேன்."

"கையொற மாட்டிக்கினு கருவாடு முக்கினா பாக்குற ஜனம் இன்னா நெனைக்கும்? இன்னாத்த கலக்குறாங்கன்னு எட்டிப் பாக்காது?"

"ஜனத்துக்கு பயப்படற. எனக்கு பயப்படறியா?"

"கண்ணு மங்குனா கண்ணாடி போடு. வானூர்ல சீப்பா கெடைக்குதாம்."

"போடறேன், போடறேன். ஒரு நாளைக்கு அந்த மருந்த நானே குடிச்சிட்டு போய்ச் சேர்றேன். உனக்கு ஈ தொல்லையும் இருக்காது, என் தொல்லையும் இருக்காது."

"குடிக்கிறதுன்னா கொஞ்சமா குடி. வெல ஏறிப்போச்சு" என்று சொல்லிவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு கடைக்குக் கிளம்பினான். பக்கத்து வீட்டில் யாரோ சிரித்தது கேட்டது. நல்ல பதில் சொல்லிவிட்டோம் என்று மார்க்கெட் வரும்வரை அவனுக்கு ஒரு திருப்தி.

கடையில் இரண்டாவது வியாபாரம் நடக்கும்போது போன் வந்தது. வீட்டுக்கு ஓடிவந்து பார்த்தால், வைஜெயந்தி தொட்டியோரம் சாய்ந்து கிடக்கிறாள். வாயிலிருந்து நுரையும் எச்சிலும் வழிகிறது. மழைநாள் குளிரில் உடம்பெல்லாம் வேர்வை. புடவை நனைந்திருந்தது. கன்னத்துச் சதை தனியாகத் துடித்தது, தரையில் போட்ட மீன் துடிப்பதுபோல. சுற்றி நின்ற பெண்கள் எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள்: "மருந்து குடிச்சிட்டா. காலையிலயே சொன்னாளே!"

தேசப்பன் முதலில் பரணைப் பார்த்தான். மருந்து பாட்டில் அங்கேயே இருந்தது. மூடி இறுக்கமாக இருந்தது. நேற்று அவன் ஊற்றிவிட்டு வைத்த அளவு இம்மியும் குறையவில்லை. சரக்கின் அளவில் அவன் கண் தப்புப் பண்ணாது.

அவள் குடிக்கவில்லை.

குடிக்காமல் எப்படி? மருந்து வாய் வழியாகத்தானே போகும்? அவனுக்குப் புரியவில்லை. பாட்டிலை எடுத்து விறகுக்குப் பின்னால் தள்ளிவிட்டான். எதற்குத் தள்ளினான் என்று அப்போது கேட்டிருந்தால் அவனுக்கே சொல்லத் தெரிந்திருக்காது.

வைஜெயந்தியின் தம்பி மோகன் ஆட்டோ ஓட்டுகிறவன். அக்காவை அள்ளிப் போட்டுக்கொண்டு ஈ.சி.ஆரில் பறந்தான். "மாமா, இன்னா குடிச்சிது அக்கா? பேசு மாமா!" என்று வழியெல்லாம் கத்தினான். அவள் தலை தேசப்பனின் மடியில் இருந்தது. அவன் ரோட்டைப் பார்த்துக்கொண்டு வந்தான்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் சித்தார்த்தன் அவள் இமையைத் தூக்கி டார்ச் அடித்தார். கண்மணி கடுகளவு சுருங்கியிருந்தது.

"பூச்சி மருந்து. என்ன மருந்து குடிச்சாங்க? எப்ப?"

இங்கேதான் தேசப்பனுக்குள் இருந்த வியாபாரி விழித்துக்கொண்டான். குடிக்கவில்லை என்றால், பின் எங்கிருந்து வந்தது என்பார்கள். தொட்டி வரும். தொட்டிக்குப் பின்னால் கடை வரும். குடித்தாள் என்றால் ஒன்றும் வராது. புருஷன் பெண்டாட்டி சண்டை, ஊரில் இல்லாததா? ஒரு போலீஸ்காரர் வந்து எழுதிக்கொண்டு போவார்.

"வீட்ல கொஞ்சம் சண்டைங்க. குடிச்சிட்டா போல."

அந்த 'போல'வில் ஒரு சந்து விட்டு வைத்தான். பேரத்தில் பின்வாங்க எப்போதும் ஒரு சந்து வேண்டும்.

பக்கத்தில் நின்ற நர்ஸ் அவனை நிமிர்ந்து பார்த்தாள். ஜான்சி. அவன் கடையில் வாரா வாரம் வாங்குகிறவள். "கருவாட்டுக் கட அண்ணனா? அய்யோ... கவலப்படாதீங்கண்ணா" என்றாள்.

மூக்கு வழியாகக் குழாய் விட்டு வயிற்றைக் கழுவினார்கள். ஊசிமேல் ஊசி போட்டார்கள். துணிகளைக் களைந்து, சோப்புப் போட்டு உடம்பைக் கழுவி, ஆஸ்பத்திரி அங்கியை மாட்டினார்கள். டாக்டர் குழாயில் வந்த தண்ணீரை முகர்ந்து பார்த்துப் புருவத்தைச் சுருக்கினார்.

"வயித்துல வாடையே இல்ல. புடவையிலதான் அடிக்குது. பாட்டில கொண்டு வாங்க, எந்த மருந்துன்னு தெரியணும்."

"தேடிப் பாக்கறேங்க" என்றான் தேசப்பன்.

மத்தியானத்துக்குள் அவள் தேறினாள். எச்சில் நின்றது. கண்ணைத் திறந்தாள். மோகன் கட்டிலைப் பிடித்துக்கொண்டு அழுதான்.

"ஏன்கா இப்டி பண்ண? எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

"நான் குடிக்கலடா" என்றாள் வைஜெயந்தி. நாக்கு குழறியது.

"சரிக்கா. குடிக்கல. படுத்துக்க."

"குடிக்கலடா. நீயாவது நம்புடா."

மோகன் அவள் தலையைத் தடவினானே தவிர நம்பவில்லை. அந்த வார்டில் அப்படிச் சொல்லாதவர்கள் யார்? அவள் முகத்தைத் திருப்பிப் புருஷனைப் பார்த்தாள். அது உண்மை என்று அறிந்த ஒரே ஆள் அவன்தான். அவன் ஜன்னலைப் பார்த்தான்.

வீட்டுக்குப் போய் மாற்றுத்துணி கொண்டுவரச் சொன்னார்கள். போனான். விறகைத் தள்ளிப் பாட்டிலைப் பார்த்தான், அங்கேயே விட்டான். ஒரு நைட்டி, துண்டு, தட்டு, டம்ளர் எடுத்தான். கிளம்பும்போது தொட்டியோரம் எண்ணெய் டப்பா கண்ணில் பட்டது. சோப்புப் போட்டுக் கழுவியதில் அவள் உள்ளங்கை வெடிப்பெல்லாம் வாய் பிளந்து கிடந்தது நினைவுக்கு வந்தது. டப்பாவையும் பையில் போட்டுக்கொண்டான்.

அவளுக்கு அவன் தானாக நினைத்து எடுத்துப் போன முதல் பொருள் அதுவாகத்தான் இருக்கும்.

"கையி எரியுதுய்யா" என்றாள் அவள். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பான்.

கட்டிலோரம் உட்கார்ந்து, டப்பாவிலிருந்து எண்ணெய் எடுத்து, அவள் கையில் தடவினான். விரல் இடுக்கு, உள்ளங்கை, மணிக்கட்டு, முழங்கை வரை. கல்யாணம் ஆகி இத்தனை வருஷத்தில் அந்தக் கை இவ்வளவு கரடு என்று அவனுக்கு இன்றுதான் தெரிந்தது. மறுபடி எடுத்து மறுபடி தடவினான். கஞ்சத்தனம் பார்க்கவில்லை. அவள் கண்ணை மூடிக்கொண்டாள். "இன்னா வைஜெயந்தி, இப்ப பரவால்லியா?" என்று கேட்டான். அவள் தலையை அசைத்தாள்.

கொஞ்ச நேரத்தில் அவள் நெற்றியில் வேர்வை முத்து முத்தாக நின்றது. புழுக்கம் என்று துண்டால் விசிறினான். பிறகு வாயோரம் எச்சில். பிறகு கன்னத்துச் சதை, காலையில் துடித்த அதே இடத்தில், துடிக்கத் தொடங்கியது.

"சிஸ்டர்!"

ஜான்சி ஓடிவந்தாள். டாக்டர் ஓடிவந்தார். நெஞ்சுக்குள் தண்ணீர் கொதிப்பதுபோலச் சத்தம் கேட்டது. "நல்லா இருந்தாங்களே! என்ன குடுத்தீங்க? வாய்க்கு ஏதாவது குடுத்தீங்களா?"

"சத்தியமா இல்லீங்க! கையில எண்ணெ தேய்ச்சேன். அவ்ளோதான். தேங்கா எண்ணெங்க!"

ஜான்சி டப்பாவை எடுத்து மூக்கருகே கொண்டுபோய், சட்டென்று கையை விலக்கினாள். தேங்காய் வாசனைக்கு அடியிலிருந்து கெட்டுப்போன பூண்டு நாற்றம் எழுந்து வந்தது.

"இந்த எண்ணெயில மருந்து எப்படிண்ணா வந்துச்சு?"

தேசப்பன் குரலைத் தாழ்த்தினான். "சிஸ்டர்... கொஞ்சம் தனியா வாங்களேன், சொல்றேன்."

"இங்கயே சொல்லுங்க."

"மோகன் இருக்கான்..."

"அவங்களுக்கு மூச்சு நின்னுக்கிட்டு இருக்குது. நீங்க ஆள் பாத்து பேரம் பேசுறீங்களா?"

வைஜெயந்தியின் கை கட்டிலிலிருந்து தொங்கியது. எண்ணெய் பளபளத்தது. அவன் தடவிய எண்ணெய்.

சொன்னான். தொட்டி, மருந்து, முக்குவது, ஈரக்கையோடு டப்பாவில் எண்ணெய் எடுப்பது. வாய் தன்பாட்டில் சொல்லிக்கொண்டே போயிற்று. பின்வாங்க விட்டு வைத்திருந்த சந்துகளையெல்லாம் அடைத்துக்கொண்டு சொன்னான். "அவ குடிக்கலீங்க. பாட்டில் கொறையல. காலையிலயே எனக்குத் தெரியும்" என்று முடித்தான்.

யாரும் அவனைத் திட்டவில்லை. அதற்கு நேரமில்லை. "சோப்பு, நிறைய சோப்பு! தலைமுடி, நகக்கண்ணு எதையும் விடாதீங்க" என்றார் டாக்டர். கையுறை மாட்டிய நான்கைந்து கைகள் அவளைக் கழுவின. கையுறை. வாயில் குழாய் போட்டு மெஷினோடு இணைத்தார்கள். மெஷின் அவளுக்காக மூச்சு விடத் தொடங்கியது.

பிறகுதான் டாக்டர் அவன் பக்கம் திரும்பினார். மெதுவாகத்தான் பேசினார். அதுதான் பயமாக இருந்தது.

"இதுக்கு ஆர்கனோபாஸ்பரஸ்னு பேரு. நரம்பு சதைக்கு ஒரு தகவல் அனுப்பும். தகவல் போய்ச் சேர்ந்ததும் அத துடைச்சு எடுக்க உடம்புல ஒரு ஆள் இருக்கான். இந்த மருந்து அந்த ஆளோட கையை கட்டிப்போட்டுடும். அப்பறம் தகவல் நிக்காம போய்க்கிட்டே இருக்கும். எச்சில், வேர்வ, துடிப்பு, எதையும் நிறுத்த முடியாது. ஈ சாவறது இதனாலதான். மனுஷன் சாவறதும் இதனாலதான். அளவுதான் வேற."

"வாயில போவலியேங்க..."

"தோல் போதும். வெடிச்ச தோல்னா இன்னும் வேகம். இது தண்ணியவிட எண்ணெயில நல்லா கரையும். பாதுகாப்புன்னு நெனச்சு தினமும் அத உள்ள தேய்ச்சுக்கிட்டு இருந்திருக்காங்க. இன்னிக்கு நீங்க தேய்ச்சிருக்கீங்க."

தேசப்பன் தன் கைகளைப் பார்த்தான். "என் கையும்..."

"அதையும் போய் கழுவுங்க" என்றார் டாக்டர், அதே குரலில்.

கழுவிவிட்டு வந்தபோது ஜான்சி நர்ஸுகள் அறை வாசலில் நின்றாள். கையில் மூடி திறந்த டிபன் பாக்ஸ். உள்ளே சோறும், சிவக்கச் சிவக்க நெத்திலித் தொக்கும். பாதி சாப்பிட்டிருந்தது.

"போன வாரம் உங்ககிட்ட வாங்குனது" என்றாள். "இதே தொக்க என் பொண்ணுக்கும் கட்டிக் குடுத்துட்டேன். ஸ்கூலுக்கு போன் பண்ணிட்டேன். கூட்டிக்கிட்டு வர்றாங்க."

அவன் பாதி தின்ற தொக்கைப் பார்த்தான்.

"ஈயே உட்காராதுன்னு சொன்னீங்களேண்ணா."

ஜான்சி டிபன் பாக்ஸை அவன் பக்கம் நீட்டினாள்.

"உட்காரும்ணா. எழுந்திரிக்காது. காலையில கட தெறக்கறப்ப கூடைக்கு அடியில பெருக்கித் தள்ளுவீங்கல்ல? நான் ஒரு நாள் பாத்தேன். கறுப்பா, ஒரு முறம். எதோ குப்பன்னு நெனச்சேன்." அவள் ஓரடி கிட்டே வந்தாள். "உங்க வீட்ல எத சாப்புடுவீங்க?"

தனிச் சட்டி அவன் கண்முன் வந்து நின்றது. அதன்மேல் ஈக்கள், உட்கார்ந்து, எழுந்து, பறந்து. எவ்வளவு ஆரோக்கியமான ஈக்கள். அவன் தலை குனிந்ததிலேயே அவளுக்குப் பதில் கிடைத்துவிட்டது. டிபன் பாக்ஸை மூடி, டாக்டரிடம் கொடுக்க எடுத்துப் போனாள்.

மோகன் எழுந்து வந்தான். அடிக்கப் போகிறான் என்று தேசப்பன் நினைத்தான். அடித்தால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தான்.

"கை நீட்ட மாட்டேன் மாமா. அக்கா எழுந்து வந்து அதுவே அடிக்கட்டும். நான் நம்பாம போய்ட்டேன், அதுக்கு எனக்கும் சேத்து அடிக்கட்டும். இப்ப நீ போன எடு."

"யாருக்குடா?"

"யாருக்குல்லாம் வித்தியோ அவங்களுக்கு."

போனில் பணம் அனுப்பியவர்கள் பெயரெல்லாம் வரிசையாக இருந்தது. கொளஞ்சிக்குப் போட்டான்.

"இன்னாடா தேசப்பா, மழைக்கு ஆஃபர் எதுனா குடுக்கறியா?"

"டேய், அந்த கருவாட்ட துன்னாத. தூக்கி எறியாத, நாய் துன்னும். குழி தோண்டி புதைச்சிடு. சாப்ட்டவங்களுக்கு வாந்தி, வேர்வை எதுனா இருந்தா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கினு போ."

"இன்னாடா ஒளர்ற? புழு கிழு வச்சிடுச்சா?"

"புழு இல்லடா. புழு இருந்திருந்தா நல்லது."

காரணத்தைச் சொன்னான். கெட்ட வார்த்தையில் திட்டத் தெரிந்த கொளஞ்சி அன்று திட்டாமலே போனை வைத்துவிட்டான். கெஸ்ட் ஹவுஸ்காரர் மட்டும், "மாசா மாசம் கேட்டனேய்யா, மாசா மாசம் கேட்டனே" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். சவரியம்மாள் என்ற கிழவி, "நேத்தே சாப்ட்டோமேப்பா, அரிசி களைஞ்ச தண்ணியில நல்லாத்தான் கழுவினேன், இன்னா ஆவும்?" என்று கேட்டாள். போனை டாக்டரிடம் கொடுத்தான். ஒவ்வொருவரிடமும் முதலிலிருந்து சொன்னான். சொல்லச் சொல்ல வாய் பழகிவிடும் என்று எதிர்பார்த்தான். பழகவில்லை.

ஜான்சியின் மகள் வந்தாள். சோதித்துப் பார்த்துவிட்டு, "இப்ப பயப்பட ஒண்ணும் இல்ல, கவனிச்சுக்கலாம்" என்றார் டாக்டர். சிறுமி, "கருவாட்டு மாமா!" என்று அவனைப் பார்த்துக் கையாட்டினாள். ஜான்சி அவளைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அதிகாரிகளுக்குத் தகவல் போனது. கடைக்குப் பூட்டு விழும் என்று மோகன் சொன்னான். தேசப்பன் சாவியை எடுத்து அவன் கையில் வைத்தான்.

வெளிச்சம் மங்கும் நேரத்தில் டாக்டர் மறுபடி வைஜெயந்தியின் இமையைத் தூக்கி டார்ச் அடித்தார். "கண்மணி விரியுது. நல்ல குறிதான். ஆனா வாக்கு எதுவும் குடுக்க முடியாது."

கண்ணாடிக் கதவுக்கு இந்தப்பக்கம் பெஞ்சில் உட்கார்ந்து தேசப்பன் கணக்குப் பார்த்தான். தினமும் கடை மூடும்போது பார்ப்பதுதான்; பழக்கம்.

போனில் காசு அனுப்பியவர்கள்: எல்லோருக்கும் சொல்லியாயிற்று. ரொக்கம் கொடுத்த தெரிந்த முகங்கள்: மோகன் ஆட்டோவில் வீடு வீடாகப் போயிருக்கிறான். ஜான்சியின் மகள்: விளையாடுகிறாள். வைஜெயந்தி: மெஷினில். அவளுக்குத் தர வேண்டியவை: ஒரு ஜோடி கையுறை, அவள் குடிக்கவில்லை என்று ஊருக்கு ஒரு வார்த்தை.

பாக்கி ஒன்று. நேற்று மழைக்கு ஒதுங்கி வந்தவள், பஸ் ஏறப் போகிறவள், வயிறு மேடிட்ட பெண். நாக்கு கருவாடு கேட்குதுண்ணே என்று சிரித்தாள். பேரம் பேசத் தெரியாமல் சொன்ன விலையை ரொக்கமாக எண்ணிக் கொடுத்தாள். அவளுக்கு மட்டும் மனசு இளகி, கொசுறாக ஒரு கை அள்ளிப் போட்டான்.

பெயர் தெரியாது. ஊர் தெரியாது. ஏறிய பஸ் எது என்று பார்க்கவில்லை.